டூர்கி என்றொரு மஞ்சள் புள்ளி

1

“பிள்ளை, அந்தக் கடைசியில நிக்கிற பெடியன் பந்துக்குக் கிட்டவும் போகேல்லை. பிறகேன் எல்லாரும் அவனுக்குக் கை தட்டுகினம்?”

கேட்டவர் திரேசா அன்ரி. கேட்ட இடம் சுவிஸில் உள்ள பாடனில், லிம்மாட் ஆற்றை ஒட்டிய மைதானத்தின் ஓரத்தில் ரோல்ஸ் விற்கும் மேசை. கேட்கப்பட்டவள் இந்தக் கதையை எழுதுகிறவள். அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் தெரிந்ததை வாயால் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் கேட்டவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். திரேசா அன்ரியும் போய்விட்டார். ஒரு சுவிஸ்காரர் வந்து சோஸ் உறைக்குமா என்று கேட்க, இல்லவே இல்லை என்று பொய் சொல்லி இரண்டு ரோல்ஸை அவர் கையில் கொடுத்தார். கேள்வி மேசையிலேயே கிடந்தது.

அதற்கான பதில்தான் இந்தக் கதை. கொஞ்சம் நீண்டுவிட்டது.

அன்றைக்கு மைதானத்தில் நடந்தது அமெரிக்கன் ஃபுட்போல். காலால் உதைக்கிற பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, இரண்டு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்து, ஆளையாள் விழுத்தி விளையாடுவது. ஒரு பக்கம் பந்தை முன்னே கொண்டுபோகப் பார்க்கும். மற்றப் பக்கம் தடுக்கும். தடுக்கிற பதினொரு பேரில் எல்லாருக்கும் பின்னால், தன்னந்தனியே ஒருவன் நிற்பான். அவன் நிற்கும் இடத்துக்கு சேஃப்டி என்று பெயர். முன்னால் நிற்கிற பத்துப் பேரும் கோட்டைவிட்டால் பிடிக்க வேண்டியவன் அவன். அவன் சரியான இடத்தில் நின்றுவிட்டால், பந்தை எறிபவன் அந்தப் பக்கம் எறியவே மாட்டான். வேலையைச் சரியாகச் செய்தவனிடம் ஒன்றும் வந்து சேராது.

அதற்குத்தான் கை தட்டினார்கள், திரேசா அன்ரி.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதிலை எழுதி முடித்த பிறகு, ஒன்றும் வந்து சேராத இடத்துக்கு ஆளை எப்படித் தெரிவுசெய்வார்கள் என்று ஒரு யோசனை வந்தது. யோசனையோடு பிருந்தனும் வந்துவிட்டான்.

2

முதலாவது தொடக்கம் இப்படி இருந்தது:

[பனி பெய்துகொண்டிருந்தது. பிருந்தன் ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தான். அவனுடைய மனமும்

இதற்குமேல் போகவில்லை. அந்தக் கிழமை பாடனில் பனி பெய்யவில்லை, மழைதான். தவிர, பிருந்தன் ஜன்னலருகே நிற்கிற ஆளும் இல்லை. எங்கே ஒரு திரை இருக்கிறதோ அதற்கு முன்னால் போய் இருந்துவிடுவான்.

இரண்டாவது தொடக்கம்:

[அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு சின்னக் கல்லூரியில் கேலப் என்றொரு வாலிபன் இருந்தான்.]

இது ஒரு பக்கத்துக்குமேல் ஓடியது. எழுதுகிறவள் அவனுக்கு ஒரு தாயைக் கொடுத்தாள். குளிரில் ஸ்டார்ட் ஆகாத ஒரு பழைய வாகனத்தைக் கொடுத்தாள். ஒரு நாயும் கொடுத்தாள். பிறகு, மின்னசோட்டாவைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். குளிர் என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தாயையும் வாகனத்தையும் வெட்டினாள். நாயை வெட்ட மனம் வரவில்லை. அதற்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை, ஆனால் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது தொடக்கம் ஒரே ஒரு வசனம்:

[பிருந்தன் தன் மச்சானின் இடத்துக்கு வேறொருவனைத் தேடிக்கொண்டிருந்தான்.]

இதில் வெட்ட ஒன்றும் இல்லை. இதையே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

3

பிருந்தனுக்கு முப்பத்தொரு வயது. பிறந்து வளர்ந்தது பாடனில். கிழமை நாட்களில் ஓர்லிகோனில் ஓர் அலுவலகத்தில் ரயில் சிக்னல்களைத் திட்டமிடுகிறான். ரயில் என்றால் மற்றவர்களுக்குச் சத்தமும் ஜன்னல்களும். அவனுக்குத் திரையில் ஊர்ந்துபோகும் ஒரு புள்ளி. வேலை முடிந்த பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் அவன் லிம்மாட் பீவர்ஸ் என்ற அணியின் தடுப்புப் பயிற்சியாளர்.*

* பீவர் என்பது மரத்தைக் கடித்து விழுத்தி ஆற்றுக்கு அணை கட்டுகிற பிராணி. தடுக்கிறவர்களுக்குப் பொருத்தமான பெயர். ஆனால் அணியின் சின்னத்தைப் பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அதை அணில் என்றுதான் சொல்கிறார்கள். பிருந்தன் திருத்திப் பார்த்து அலுத்துவிட்டான்.

இத்தனை காலமும் பொழுதுபோக்குக்கு விளையாடிய பீவர்ஸ், இந்த வருடம் முதல் சம்பளம் கொடுத்து விளையாடும் லீக்குக்கு ஏறியிருந்தது. அங்கே ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் இரண்டு அமெரிக்கர்கள்தான் களத்தில் நிற்கலாம். ஒருவன் பந்தை எறிய வேண்டியவன். அவனைப் போன வருடமே பிடித்தாயிற்று. மற்றவன் தடுக்கிறவனாக இருக்க வேண்டும், அதிலும் சேஃப்டியாக இருக்க வேண்டும் என்றார் தலைமைப் பயிற்சியாளர் ரெட்டோ. அமெரிக்கக் கல்லூரிகளில் நாலு வருடம் விளையாடி முடித்து, அங்குள்ள பெரிய அணிகள் கூப்பிடாமல் போன வாலிபர்கள் ஏராளம். விளையாட்டையும் விட மனமில்லாமல், தங்கள் வீடியோக்களை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அவர்களில் ஒருவனைப் பிருந்தன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பெயர் நிலக்ஷன். பிருந்தனின் மனைவி வனேசாவின் தம்பி. பீவர்ஸின் ஜூனியர் அணியில் தொடங்கி, மீசை வந்த நாளிலிருந்து அந்தக் கடைசி இடம் அவனுடையது. போன வருடம் திரேசா அன்ரி கேட்ட பெடியன் அவன்தான். கிழமை நாட்களில் வெட்டிங்கனில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறான். மைதானத்தில் பிருந்தனைக் கோச் என்பான், வீட்டில் அத்தான் என்பான். இரண்டையும் மாற்றிச் சொன்னதே இல்லை.

(இந்த இடத்தில் நிலக்ஷனுக்கு ஒரு கெட்ட குணம் வைக்கலாமா என்று எழுதுகிறவள் யோசித்தாள். கெட்டவனின் இடத்தைப் பறிப்பது எழுத வசதி. வாசிக்கிறவர்களுக்கும் வசதி. அவளுக்கு ஒரு குணமும் கிடைக்கவில்லை. பிறந்தநாள் கேக்கில் கிரீமை மட்டும் வழித்துச் சாப்பிடுவான் என்று வனேசா சொல்கிறாள். அது போதாது.)

4

போன வருடத்தைப் பற்றிச் சொல்லாமல் புள்ளிகளைப் பற்றிச் சொல்ல முடியாது.

போன வருடமும் ஓர் அமெரிக்கத் தடுப்பாளனைத் தெரிவுசெய்தார்கள். எப்படி என்றால், கழக வீட்டில் சங்கத் தலைவர் பெயாட், ரெட்டோ, இன்னும் சிலர் கூடி, ரக்லெட் அடுப்பில் சீஸை உருக்கிச் சாப்பிட்டுக்கொண்டே பெரிய திரையில் வீடியோக்களைப் பார்த்தார்கள். அதில் ஒருவனுடைய வீடியோ மேளச் சத்தத்தோடு தொடங்கியது. புகை வந்தது. புகைக்குள்ளிருந்து அவன் வந்தான். ஆறடிக்குமேல் உயரம், தோள்வரை தலைமயிர், சிரித்தால் இரண்டு பக்கமும் குழி. அடுத்து அவன் பந்தைப் பறிக்கிற காட்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக. பெயாட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பாதிச் சீஸ் கருகியதோடு அவன் தெரிவாகிவிட்டான்.

வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வீடியோவில் இருந்ததெல்லாம் பந்து அவன் கையில் வந்து விழுந்த தருணங்கள். பந்து வராத நேரத்தில் அவன் என்ன செய்வான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பந்து வராத நேரத்தில் அவன் தலைமயிரைச் சரிசெய்வான். மழை பெய்தால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். பாடனில் ஒரு பருவத்தில் எத்தனை நாள் மழை பெய்யும் என்பது உங்களுக்கே தெரியும். ஜூனியர் பிள்ளைகளின் தாய்மாருக்கு மட்டும் அவனை அனுப்பிவிட்டதில் கவலை.

நல்லவன்தான் பாவம். போகும்போது ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

அதனால் இந்த முறை பிருந்தன் ஒரு நிபந்தனை வைத்தான். முகம் காட்டக் கூடாது, உயரம் காட்டக் கூடாது, கல்லூரியின் பெயர் சொல்லக் கூடாது, பாட்டுக் கூடவே கூடாது. வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், முழு ஆட்டங்களை அனுப்புங்கள் என்று எல்லாருக்கும் எழுதினான். வந்தவற்றை ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, அசைந்தவர்களையெல்லாம் புள்ளிகளாக மாற்றினான். பச்சைத் தளத்தில் எறிகிற பக்கம் வெள்ளைப் புள்ளிகள், தடுக்கிற பக்கம் கறுப்புப் புள்ளிகள். பார்க்க வேண்டிய சேஃப்டி மட்டும் மஞ்சள். மேலிருந்து பார்ப்பதுபோல அவை நகரும். அலுவலகத்தில் ரயில்களுக்குச் செய்வதைத்தான் செய்தான்.

மூன்று பேரை வடிகட்டி எடுத்தான். அவர்களுக்குப் பெயர் வைக்க வேண்டுமே. ரயில்காரன் அல்லவா, பாடனுக்கு வரும் பாதையில் உள்ள நிலையங்களின் பெயர்களை வைத்தான்: ஓல்ட்டன், ஆராவ், ப்ருக்.

5

டூர்கி வனேசாவின் யோசனை.

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடிந்த கையோடு பிருந்தன் குசினி மேசையில் கணினியைத் திறந்துவிட்டான். வனேசா கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அவன் தோளுக்கு மேலால் பார்த்தாள். மஞ்சள் புள்ளி பின்னால் ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. இதென்ன விளையாட்டு என்று கேட்டாள். அவன் சொன்னான். யாருடைய இடத்துக்கு என்பதையும் மறைக்காமல் சொன்னான்.

“அப்ப என்ர தம்பியை விளையாட விடாமல் வாங்கில இருத்தப் போறியள்.”

“நான் இருத்தேல்லை. ரெட்டோ கேக்கிறார்.”

“அவர் கேக்கிறார், நீங்கள் தேடிப் பிடிச்சுக் குடுக்கிறியள். நல்ல அத்தான்தான் அவனுக்கு.”

(இங்கே ஒரு சண்டை வைக்க எழுதுகிறவளுக்கு ஆசை இருந்தது. கோப்பை ஒன்று உடையலாம். ஆனால் வனேசா கோப்பை உடைக்கிற பெண் இல்லை. அவள் கோபத்தில் கூடத் துணியைச் சதுரமாக மடித்து வைப்பவள்.)

துணியை மடித்து வைத்துவிட்டு வனேசா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். கொஞ்ச நேரம் புள்ளிகளைப் பார்த்தாள்.

“இதில ஆர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ?”

“எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்ப அவனையும் புள்ளியாக்குங்கோ. முகம் இல்லாட்டி அவன்தான் வெல்லுவான்.”

பிருந்தன் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்தினான். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ரெட்டோவுக்கும் பெயாட்டுக்கும் நிலக்ஷன் என்றால் சின்ன வயதிலிருந்து பார்த்த பெடியன், தலையிடிக்கு மாத்திரை தருகிற மருந்தாளர். அமெரிக்காவில் கல்லூரிக்குப் போயிருந்தால் அவனை எப்படிப் பார்த்திருப்பார்கள்? மூன்று பேரையும்விட அவன் குறைவில்லை என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டால், அந்த அமெரிக்க இடத்தை முன்வரிசைக்குக் கொடுத்துவிடலாம். மச்சானும் தன் இடத்தில் நிற்கலாம், வீட்டிலும் சமாதானம்.

போன வருட ஆட்டங்களிலிருந்து நிலக்ஷனின் காட்சிகளை எடுத்து, நாலாவது மஞ்சள் புள்ளியாக்கினான். ப்ருக்குக்கு அடுத்த நிலையம் டூர்கி. ரெட்டோவுக்குச் சொல்லவில்லை. நிலக்ஷனுக்கும் சொல்லவில்லை.

6

இனிக் கூட்டம். எழுதுகிறவள் அங்கே இருந்ததில்லை. கழக வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். மைதானத்தின் மூலையில் நிற்கும் ஒரு நீளமான மரக் கட்டிடம், வாசலில் சேறு துடைக்க ஒரு பிரஷ். உள்ளே இருப்பதெல்லாம் அவள் போட்ட கதிரைகள்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானத்துக்குப் பிறகு. பெயாட், ரெட்டோ, பிருந்தன். வெளிநாட்டு வீரர் ஒருவரைத் தெரிவுசெய்யும்போது வீரர்களின் பிரதிநிதி ஒருவரும் இருந்து கையுயர்த்த வேண்டும் என்பது சங்கத்தின் விதி. சுவிஸில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினாலும் முதலில் விதிகளைத்தான் எழுதுவார்கள், எழுதியதை மீறவும் மாட்டார்கள். பிரதிநிதி துஷாந்தன், தடுப்பின் இடப்பக்கத்தில் நிற்பவன். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து திரும்பி வந்தவன். அவனுடைய வருகையைத்தான் பிருந்தன் எதிர்பார்த்திருந்தான்.

கதவைத் திறந்துகொண்டு வந்தது நிலக்ஷன். துஷாந்தனுக்குக் காய்ச்சலாம், தன்னைப் போகச் சொன்னானாம். வாசல் பிரஷில் சப்பாத்தைத் தேய்த்துவிட்டு வந்து முன்வரிசையில் இருந்துகொண்டான். தன் இடத்துக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி ரெட்டோ ஏற்கெனவே அவனோடு பேசியிருந்தார். நாலு புள்ளிகளில் ஒன்று தான் என்பது தெரியாது.

டூர்கியைக் காட்டாமல் விட்டுவிடலாம் என்று பிருந்தன் நினைத்தான். ஆனால் நாலு பேர் என்று ரெட்டோவுக்கு முதல் நாளே எழுதிவிட்டிருந்தான்.

ஓல்ட்டன் ஓடியது. வேகம், ஆனால் ஒவ்வொரு ஏமாற்றுக்கும் ஏமாறியது. ஆராவ் முட்டி மோதுவதிலேயே குறியாக இருந்தது. பெயாட் தலையை ஆட்டினார், போன வருடத்துக்குப் பிறகு அவர் எதையும் உடனே ரசிப்பதில்லை. ப்ருக் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நித்திரை வந்துவிடும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அது நின்ற பக்கம் பந்து போகவில்லை, போகாததால் பார்க்கவும் ஒன்றுமில்லை.

பிறகு டூர்கி.

டூர்கி அழகாக ஓடியது. பந்து கிளம்ப முன்னமே கிளம்பியது. இடப்பக்கம் நின்ற கறுப்புப் புள்ளி சற்றுத் தடுமாறினால் போதும், மஞ்சள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இவனுக்கு நல்ல மனது என்றார் பெயாட். ஒரு புள்ளியின் மனதைப் பற்றி அவர் சொன்னது பிருந்தனின் நெஞ்சுக்குள் போய் இனித்தது. ரெட்டோவும் முன்னால் சாய்ந்துவிட்டார். ப்ருக்கா டூர்கியா என்றால் தான் டூர்கியின் பக்கம் என்றார், பெயாட்டும் ஆமென்றார். வனேசா சொன்னது சரியாகிவிட்டது. இன்னும் ஒரு கை உயர்ந்தால் பிருந்தன் எழுந்து, டூர்கி யார் தெரியுமா என்று கேட்கலாம். கேட்கும் வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

விதிப்படி ரெட்டோ வீரர்களின் பிரதிநிதியைக் கேட்டார்.

நிலக்ஷன் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போடச் சொன்னான். பிறகு மெதுவாகப் பேசத் தொடங்கினான். அவன் பேசியது சுவிஸ் ஜேர்மனில். எழுதுகிறவள் அதைத் தமிழில் தருகிறாள், ஏனென்றால் பிருந்தனுக்கு அது வீட்டுக் குரலில்தான் கேட்டது.

“டூர்கி வேண்டாம். கெட்டிக்காரன்தான். ஆனா பாருங்கோ, ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் இழுபட்டுப் போறான். அங்க நிக்கிறவனை இவன் நம்பேல்லை. அவன்ர வேலையையும் சேத்துச் செய்ய ஓடுறான். அப்ப வலப்பக்கம் ஆர் நிக்கிறது?”

உதவுவது நல்ல குணம்தானே என்றார் ரெட்டோ.

“உதவிதான். கேக்காத உதவி. பக்கத்தில நிக்கிறவனுக்கு அது பழகிட்டா, அவன் பிறகு தானா ஓடவே மாட்டான்.”

பிருந்தன் திரையைப் பார்த்தான். போன வருடம் வலப்பக்கம் போன நீண்ட எறிகளால் பீவர்ஸ் தோற்ற ஆட்டங்கள் உண்டு. எல்லாரும் வலப்பக்கம் நின்றவனைத் திட்டினார்கள். பிருந்தனும் திட்டினான். ஆட்டத்தைப் பார்க்கிற கண் பந்துக்குப் பின்னால் ஓடுவது, பந்து போக முன் யார் எங்கே நின்றார்கள் என்பது அதில் விழாது. இப்போது விழுந்தது. துஷாந்தனின் முழங்காலை நினைத்து நினைத்து இடப்பக்கம் சரிந்துபோன மஞ்சள் புள்ளி, வலப்பக்கம் ஒரு பெரிய பச்சை வெளியைத் திறந்துவிட்டிருந்தது. புள்ளிகளை வைத்ததே பிருந்தன்தான். ஆனால் வைக்கும்போது மச்சானை மட்டும் பார்த்தான், அவன் விட்டுவிட்டு வந்த இடத்தைப் பார்க்கவில்லை.

கையுயர்த்தினார்கள். ப்ருக் தெரிவானது. நாலாவதாகவும் கடைசியாகவும் உயர்ந்தது பிருந்தனின் கை. தெரிவானவனின் பெயரை மட்டும் சொல்வதென்று பேச்சு. ஆகையால், கேலப், மின்னசோட்டா என்று சொன்னான். (ஆம், நாய் வைத்திருப்பவன்.)

7

எழுதுகிறவள் இந்த இடத்தில் பல நாட்கள் நின்றாள்.

நிலக்ஷனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்பது ஒரு நாள் அவள் முடிவு. மனிதன் தன்னை மேலிருந்து பார்ப்பதில்லை. நம்முடைய குரலையே பதிவில் கேட்டால் யாரோ என்று நினைக்கிறோம். முகமும் உடம்பும் இல்லாத ஒரு புள்ளியில் அவன் தன்னை எப்படிக் காண்பான்?

அடுத்த நாள் மற்றப் பக்கம் சாய்ந்தாள். அந்த ஒரு காட்சியைத் திரும்பப் போடச் சொன்னானே, அது ஏன்? அந்த ஓட்டத்தை அவன் கால்கள் ஓடியிருக்கின்றன. கால்களுக்கு மறக்குமா?

முடிவுகளை எழுதிப் பார்த்தாள்.

[பிருந்தன் எழுந்தான். “டூர்கி வேற ஆருமில்லை” என்றான். எல்லாரும் திரும்பி நிலக்ஷனைப் பார்த்தார்கள். பெயாட்டின் கண்கள்

பெயாட்டின் கண்கள் கலங்கப் போகின்றன என்று தெரிந்ததும் பேனையை வைத்துவிட்டாள். தவிர, இந்த முடிவில் நிலக்ஷன் தன் இடத்திலேயே நிற்பான், வலப்பக்கம் திறந்தே கிடக்கும், திட்டு வேறொருவனுக்கு விழும். அதை நல்ல முடிவு என்று சொல்ல அவளால் முடியவில்லை.

[வனேசா ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை.]

வனேசாவால் ஒரு கிழமை முடியாது. வேண்டுமானால் ஒரு பின்னேரம்.

[அந்த வருடம் பீவர்ஸ் வெற்றிக் கிண்ணத்தை

இது அவளுக்குப் பிடித்திருந்தது. கேலப்பும் நிலக்ஷனும் ஆளையாள் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல அரைப் பக்கம் எழுதினாள். எழுதும்போது சந்தோஷமாகவே இருந்தது. மறுநாள் வாசித்தபோது, புகையும் மேளமும் மட்டும்தான் குறை என்று பட்டது.

கடைசியில், தனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுவது என்று முடிவெடுத்தாள்.

8

ரெட்டோவும் பெயாட்டும் போய்விட்டார்கள். ஒவ்வொருவரோடும் கைகுலுக்கி, ஒவ்வொருவருக்கும் நல்ல வாரக்கடைசி என்று வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். உள்ளே பிருந்தனும் நிலக்ஷனும். பிருந்தன் கணினியை மூடினான். வயரைச் சுற்றினான், சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

“டூர்கி ஆரெண்டு நீ கேக்கேல்லையே.”

நிலக்ஷன் அவனைப் பார்த்தான். மருந்துச் சீட்டை வாங்கி வாசித்துவிட்டு ஆளைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. முகத்தில் கோபமில்லை. வியப்பும் இல்லை. எழுதுகிறவள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

சுவரில் அணியின் பலகை தொங்கியது. பச்சைத் தகட்டில் பதினொரு காந்த வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஓரத்தில் வாங்கில் இருப்பவர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக. நிலக்ஷன் பலகைக்குப் போனான். எல்லாருக்கும் பின்னால் தனியாக நின்ற வட்டத்தைக் கழற்றி எடுத்தான். அவன் பெயர் எழுதியிருந்த வட்டம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

அந்த வட்டத்தை வைக்க இரண்டு இடங்கள் இருந்தன.

ஒன்று, ஓரத்து வரிசையின் அடி.

மற்றது, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில், இடப்பக்கம், துஷாந்தனுக்குப் பக்கத்தில். அந்த இடத்துக்குப் பீவர்ஸிடம் நெடுநாளாகச் சரியான ஆள் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் வேலையை மட்டும் பார்த்தார்கள். அங்கே நிற்பவனின் வேலையே பக்கத்தில் நிற்பவன் தடுமாறும்போது போய்த் தாங்குவதுதான். இடப்பக்கம் இழுபட்டுப் போகிற ஒருவன் அங்கே நின்றால் அது பிழையாகாது.

எழுதுகிறவள் இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தாள். இரண்டாவது இடத்தில் வைத்தபோது அவளுக்கு மனம் நிறைந்தது. நிறைந்ததாலேயே அதை நம்பத் தயக்கமாக இருந்தது. தான் ஆசைப்பட்டதைப் பிறத்தியார் கையால் செய்விப்பது சரியா? கேட்காத உதவி ஆகிவிடாதா?

ஆகவே பிருந்தனைப் பலகைக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்க வைத்திருக்கிறாள். அவனுடைய தோள் மறைக்கிறது. காந்தம் தகட்டில் ஒட்டுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். எங்கே ஒட்டியது என்று அவன் பார்த்தான். பார்த்ததும் அவன் சுற்றி வைத்திருந்த வயர் கையிலிருந்து நழுவி, வளையம் வளையமாகத் தரையில் அவிழ்ந்தது. குனிந்து எடுக்கவில்லை. நீங்கள் எங்கே வைத்தீர்களோ, அதற்கும் அந்த வயர் அவிழ்வது பொருந்தும் என்றுதான் எழுதுகிறவள் நினைக்கிறாள். பொருந்தாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

மேசையில், கூட்டத்துக்கு வைத்த தட்டில் கடைசியாக, கொட்டை வைத்துச் சுட்ட ஓர் இனிப்புப் பணிஸ் மீந்திருந்தது. நிலக்ஷன் அதை எடுத்துப் பாதியைக் கடித்தான். ஜாக்கெட்டின் தொப்பியைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டான். கதவைத் திறந்ததும் மழைச் சத்தம் ஒரு கணம் உள்ளே வந்தது. மற்றப் பாதியையும் வாயில் போட்டு மென்றுகொண்டே, பின்னால் கதவைப் பக்குவமாகச் சாத்திவிட்டு, அவன் போய்விட்டான்.